என் ஜெயிப்பை நானே சொன்னேன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருபது வருஷம் சமைத்தேன். போன மாதம் வழியனுப்பு விழா வைத்தார்கள். சால்வை போட்ட ஆபீசர், "மகனை என்ஜினீயர் ஆக்கினாரே, அதுதான் இந்த அம்மாவின் வெற்றி" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"படிச்சவன் அவன். அது அவன் ஜெயிப்பு. என்னுத நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

அந்தக் கேன்டீனில் முன்பெல்லாம், மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சமைத்த பெண்கள் சாப்பிட வேண்டும். அதுவும் பாத்திரம் கழுவும் இடத்தில் குந்திக்கொண்டு, அடியில் மிஞ்சியதை. நானும் பல வருஷம் வாய் மூடித் தின்றேன். அது என் தப்பு. ஒருநாள் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே சுடச்சுடச் சோறு போட்டுக்கொண்டு மேசையில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா ஆயா, ஆபீசர்னு நெனப்பா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆபீசருக்கே ஆக்கிப் போடறவ நானு. வேலைய உட்டுத் தூக்கணும்னா தூக்கிக்க. துன்னுக்கினு இருக்கறவள ஏந்திருன்னு மட்டும் சொல்லாத."

மற்ற ஐந்து பெண்களும் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது ஆபீசர் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில், விழாவுக்கு வந்திருந்த மகன் கேட்டான்: "ஏம்மா, என்னப் பத்தி நல்லதா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உன் மேடையில நீ சொல்லிக்க நைனா. இது என் மேட."

அவன் சிரித்துவிட்டான். பிள்ளையால் வந்த பெருமை எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயத்தை விட்ட அந்த ஒரு நாளை எனக்கு நானேதான் சம்பாதித்துக்கொண்டேன்.