கற்பூரம் அணையும் வரை

பிள்ளைகளே, இதை நான் என் கையால் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் காவ்யா எழுதுகிறாள். நான் எந்த எழுத்தை நேராகப் பார்க்கிறேனோ அந்த எழுத்து காணாமல் போகிறது. அதற்குப் பக்கத்து எழுத்து தெரிகிறது. அதைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் அதுவும் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். இனிப்பான கதை இல்லை. கேளுங்கள்.

போடியிலிருந்து மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பை ஓட்டிப் பிழைத்தவன் நான். போன ஆடியில் காவ்யாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை தெரியவில்லை. சோதித்துப் பார்த்தவர்கள் கண்ணாடி போட வேண்டும் என்றார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண் பிள்ளைக்கு இந்த வயதிலேயே கண்ணாடியா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, கசப்பான சிரிப்பு.

என் மனைவியின் அண்ணன் மலையில் ஒரு எஸ்டேட்டில் கங்காணி. அவர்தான் வழி சொன்னார்.

"மாப்ளே, கண்ணாடி போட்டா ஆயுசுக்கும் கழட்ட முடியாது. கண்ணக் குடுத்த சூரிய பகவான் மேலதான நிக்கிறாரு, அவரப் பாக்கச் சொல்லு. காலையில கற்பூரம் ஏத்தி, அது அணையிற வரைக்கும் கண்ணு கொட்டாம அவரயே பாக்கணும். ஒரு மண்டலம் பாத்தாப் போதும்."

"கண்ணு கூசாதா மச்சான்?"

"கூசுனா பக்தி பத்தலன்னு அர்த்தம்."

பக்தி பத்தாதவன் என்று பெயர் வாங்க எவனுக்கும் மனசு வராது. ஆனாலும் கஷாயம் என்றாலும் நான் ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுத்ததில்லை. அதனால் முதல் மண்டலத்தை நானே பார்த்துவிடுவது, பிறகு காவ்யா என்று முடிவு செய்தேன். புரட்டாசி பிறந்த அன்று ஆரம்பித்தேன். முதல் நாள் கைகூப்பி இப்படித்தான் வேண்டினேன்: "சாமி, இதுல நல்லது இருந்தாப் பிள்ளைக்குக் குடு. கெட்டது இருந்தா எனக்குக் குடு."

இந்த வேண்டுதலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிவாரத்து முந்தல் தாண்டி ஏறும்போது ஒரு வளைவில் கருப்பசாமி மேடை இருக்கிறது. மலையேறும் டிரைவர்கள் அங்கே நிறுத்திக் கற்பூரம் ஏற்றாமல் போவதில்லை. அங்கிருந்து பார்த்தால் கிழக்கே சமவெளி முழுக்கத் திறந்து கிடக்கும். அதற்கு மேலே சூரியன் வரும். எனக்கு இதைவிட வசதி வேறென்ன? தினமும் மேடையில் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, அது அணையும் வரை கிழக்கே சூரியனைப் பார்த்து நின்றேன்.

முதலில் சின்னக் கற்பூரக் கட்டி, சிவப்புச் சூரியன். கண்ணில் தண்ணீராக ஊற்றியது. அருள் என்று நினைத்தேன். பிறகு பக்தி பத்தாதோ என்று கட்டியைப் பெரிதாக்கினேன். வண்டி கிளம்பத் தாமதமான நாட்களில் சூரியன் வெளுத்து நன்றாக ஏறியிருக்கும். அன்றும் விடவில்லை.

வண்டிக்குள்ளிருந்து பேச்சியம்மா கத்தும். எப்போதும் முன் சீட்டில் உட்காரும் பெண்.

"அண்ணே, சாமியே பயந்து ஓடப் போகுது, வெரசா வாங்க! சோலிக்கு லேட்டானா அரை நாள் போச்சு!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பேன்.

கொஞ்ச நாளில், எங்கே பார்த்தாலும் நடுவில் தீய்ந்துபோன தோசை மாதிரி ஒரு கறை. மச்சானிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அதான் மாப்ளே! பகவான் கண்ணுக்குள்ள எறங்கிட்டாரு!"

நம்பினேன். வலி இல்லை, எரிச்சல் இல்லை. வலித்திருந்தால் அன்றே நிறுத்தியிருப்பேன்.

ஐப்பசி பிறந்த வாரம், ஒரு நாள். பார்த்து முடித்து வண்டியை எடுத்தேன். அடுத்த வளைவில் திரும்பும்போது எதிரே ரோடு இல்லை. இடப்பக்கம் பாறை தெரிகிறது, வலப்பக்கம் பள்ளத்து ஓரத்து வெள்ளைக் கல் தெரிகிறது. நடுவில் ரோடு இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கறை, கருப்பாக.

"அண்ணே, லோடு வண்டி! லோடு வண்டி வருதுண்ணே!"

பேச்சியம்மா கத்தின பிறகும் எனக்கு லாரி தெரியவில்லை. ஹாரன் மட்டும் கேட்டது. "கருப்பா" என்று அலறிக்கொண்டு பாறைப் பக்கம் ஒடித்து பிரேக்கை மிதித்தேன். வண்டி பாறையில் உரசி நின்றது. லாரி எங்களைத் தடவிக்கொண்டு மலையிறங்கிப் போனது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இது முதல் காப்பு.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி நின்றார்கள். நடந்ததை நான் திக்கித் திக்கிச் சொன்னேன். ஒருத்தரும் திட்டவில்லை. பேச்சியம்மா மட்டும் கேட்டது.

"ஒம்ம மகளுக்கு வேண்டிக்கிட்டீரு, சரிண்ணே. எங்க பிள்ளைகளுக்கு என்ன வேண்டிக்கிட்டீரு?"

அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அன்று மத்தியானமே மலை மூட்டம் போடி வரைக்கும் இறங்கி மழை பிடித்தது. இரண்டு நாள் இருட்டில் கிடந்துவிட்டு மதுரைக்குப் போய்க் கண் டாக்டரம்மாவைப் பார்த்தேன். உள்ளே விழித்திரை வெந்திருக்கிறது என்றார்கள். பூதக்கண்ணாடியில் வெயிலைப் பிடித்துக் காகிதத்தைக் கருக்குவீர்களே, அதேதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சூரியனைப் பிடித்து, நேர் பார்வை பார்க்கிற அந்த ஒரு புள்ளியைக் கருக்கிவிட்டது.

"வலிக்கவே இல்லையேம்மா?"

"அந்த இடத்துக்கு வலி தெரியாதுங்க. அதனாலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. இதுக்கு மருந்து கிடையாது. போகப் போகக் கொஞ்சம் தெளியலாம். முழுசா வரும்னு சொல்ல முடியாது." நான் எழுந்தபோது அவர்களே கேட்டார்கள்: "வீட்ல வேற யாராவது இப்படிப் பாத்தாங்களா?"

அடுத்த மண்டலம் உனக்குத்தான் என்று காவ்யாவிடம் சொல்லி வைத்தவன் நான்தானே.

போடி வரைக்கும் பஸ்சில் அழுதுகொண்டே வந்தேன். "கெட்டது எனக்குன்னு கேட்டேனே சாமி, கெட்டது எனக்குன்னு கேட்டேனே" என்று அதையே சொன்னேன்.

வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"ஆத்தா, நீ சூரியனப் பாத்தியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நேரம் மாதிரி ஒரு நேரம் உங்கள் அப்பாக்களுக்கு வரக் கூடாது.

"திட்ட மாட்டியே?"

"மாட்டேன் ஆத்தா. சொல்லு."

"உனக்குக் கண்ணு தெரியணும்னு மாடிக்குப் போனேம்ப்பா. மாமா சொன்ன மாதிரியே கற்பூரம் ஏத்துனேன். ஒரே மூட்டம். சூரியன் வரவே இல்ல. இன்னைக்கும் ஏத்துனேன், இன்னைக்கும் வரல." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நாளைக்கு வரும்லப்பா?" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு கத்தி அழுதேன். மலைப்பாதையில் மூட்டத்தைத் திட்டாத டிரைவர் கிடையாது. அந்த மூட்டம்தான் என் பிள்ளைக்கு முன்னால் திரை போட்டு நின்றது. இது இரண்டாவது காப்பு. நான் கேட்டதைச் சாமி ஒரு எழுத்து குறையாமல் கொடுத்துவிட்டார்.

மச்சான் வந்தார். "செருப்போட நின்னு பாத்திருப்ப மாப்ளே, அதான்" என்றார். இப்போது அவர் செல்போன் பார்க்கக் கண்ணாடி போடுகிறார். காவ்யா, "இதை எழுத வேண்டாம்ப்பா, மாமா கோவிச்சுக்குவாரு" என்கிறாள். எழுது ஆத்தா.

நான் இப்போது ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்குகிறேன். காய் தரம் பிரிக்க என்னால் ஆகாது. கறை கொஞ்சம் வெளிறியிருக்கிறது, போகவில்லை. காவ்யா கண்ணாடி போட்டிருக்கிறாள். கடைசி பெஞ்சிலிருந்தே போர்டு தெரிகிறதாம். ஆடியிலேயே தீர்ந்திருக்க வேண்டிய காரியம்.

பிள்ளைகளே, பள்ளிக்கூட மைதானத்தில் யார் அதிக நேரம் சூரியனைப் பார்ப்பது என்று நீங்கள் பந்தயம் கட்டுவது எனக்குத் தெரியும். கிரகணத்தன்று சூரியனைப் பார்க்க எக்ஸ்ரே படத்தைத் தேடி ஓடுவதும் தெரியும். வேண்டாம். காலைச் சூரியனாக இருந்தாலும் வேண்டாம். பக்தி இருக்கிறவனுக்குச் சுடாது என்று பெரியவர்களே சொன்னாலும் நம்பாதீர்கள். சாமியை நம்புங்கள். அவர் கண்ணைக் கொடுத்தபோது, கூசும்போது மூடிக்கொள்ள இமையையும் சேர்த்துத்தான் கொடுத்தார். நான்தான் அதைப் பிடித்துத் திறந்து வைத்தேன்.

இன்றும் காலையில் நானும் காவ்யாவும் கிழக்கே பார்த்து நிற்கிறோம். தலையைக் குனிந்து, கண்ணை மூடிக் கும்பிடுகிறோம். இமை மேல் சூடு படுகிறது. அது போதும். கண்ணைத் திறந்ததும் முதலில் மகளைப் பார்க்கிறேன். நேராகப் பார்த்தால் அவள் மூக்கும் வாயும் இல்லை. அதனால் அவள் காதைப் பார்க்கிறேன். அப்போதுதான் ஓரத்தில் அவள் முகம் வருகிறது. அந்த முகத்தில் இரண்டு கண்ணும் முழுசாக இருக்கின்றன. அதற்காகத் தினமும் நன்றி சொல்கிறேன்.