பேரைச் சுத்தம் பண்ணித் தருகிறவர்

எங்கள் பக்கத்தில் கடன் தீர்ந்தது என்றால் தீர்ந்ததுதான். வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார். நாலு பேர் பேசி ஒரு தொகைக்கு முடிப்பார்கள். நம் கண்ணெதிரே புரோநோட்டைக் கிழித்துப் போடுவார். அடுத்த மாதம் அதே ஆள் நம் வீட்டு விசேஷத்தில் சாப்பிட உட்கார்ந்திருப்பார். பேங்க்காரனும் அப்படித்தான் என்று நினைத்தோம் பாருங்கள், அங்கேதான் குடி கெட்டது.

என் வீட்டுக்காரருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை போடும் வேலை. ஒரு பேங்க் ஆட்கள் மார்க்கெட்டுக்கே வந்து கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். அவருடைய ஆபரேஷன் செலவு முழுக்க அதில் ஏறி, வட்டி குட்டி போட்டது. வசூல் ஆட்கள் தெருவில் நின்று மானத்தை வாங்கிய பிறகு, பாதியைக் கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். கட்டினோம். விட்டது சனியன் என்று அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்தேன்.

சில வருடம் கழித்து மகளுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்தது. வேறொரு பேங்க்கில் படிப்புக் கடன் கேட்டுப் போனால், அப்பா பேர் கெட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பாதியோடு முடித்தது எல்லா பேங்க்கும் பார்க்கிற கம்ப்யூட்டரில் கறையாக நிற்கிறதாம். மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்.

திருவொற்றியூர் ஹைரோட்டில் மொபைல் கடை மாடியில் ஒருவர் கெட்ட பேரைச் சுத்தம் பண்ணித் தருகிறார் என்று மார்க்கெட்டில் சொன்னார்கள். ஓடினோம்.

"இன்னாத்துக்கு பேஜாராவுறீங்க அக்கா? இருந்த இடம் தெரியாம அழிச்சிர்றேன்" என்றார் அவர்.

என் கம்மலை அடகு வைத்துக் கொடுத்தேன். அவர் நீட்டிய தாளில் எல்லாம் இவர் கையெழுத்துப் போட்டார்.

"இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டியாய்யா?" என்றேன்.

"இங்கிலீஷ்ல கீதுமே. அவருக்குத் தெரியாததா."

மாதக் கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு பேங்க்குக்குப் போனோம். கறை அப்படியே இருந்தது. கடன் பார்க்கும் அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"இந்தக் கார்டே உங்களுது இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. கார்டு கொடுத்தவங்க, அதை வாங்கினப்போ நீங்க போட்ட கையெழுத்தைக் காட்டிட்டாங்க. ஏன் சார் பொய் சொன்னீங்க?"

மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே செத்துப் போகலாம் போல இருந்தது.

"ஒருத்தர் அழிச்சித் தர்றேன்னாரும்மா" என்றேன்.

"தப்பா ஏறியிருந்தா எடுக்கலாம். அதுக்கு நீங்களே எழுதினா போதும், காசு வேணாம். நிஜமா வாங்கின கடனை யாராலும் அழிக்க முடியாதும்மா. அன்னைக்குக் கட்டாம விட்ட பாதியைக் கட்டணும், அப்புறம் பொறுமையா இருக்கணும்."

மாடிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். எழுதித் தரத்தான் காசு வாங்கினேன், எழுதித் தந்தேன் என்றார். அவர் வாயில் மண் விழ. இடம் போனது போனதுதான்.

மகள் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனாள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, விட்ட பாக்கியை அவள்தான் கட்டினாள். பாக்கி இல்லை என்ற காகிதம் கடைசியில் வந்தபோது அவளோடு படித்த பிள்ளைகள் நர்ஸாகிவிட்டிருந்தார்கள்.

"இனிமே நைனா பேர்ல கேட்டா லோன் தருவாங்க. படிக்கப் போறியாம்மா?" என்று கேட்டேன்.

"இனிமே யாருக்கும்மா படிப்பு?" என்றாள்.