குழாயில் இருந்த பூச்சி

எங்கள் மகள் பேசப் பழகிய புதிதில் ஒருநாள் கிணற்றடிக் குழாயைக் காட்டி, "பூச்சி கடிக்குது" என்றாள். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லிவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடித்த பூச்சியைப் பற்றி அன்று நான் பெரிதாக யோசிக்கவில்லை.

அப்போது நாங்கள் கீரிக் கடற்கரைக்குச் சற்று உள்ளே, ஒரு முதலாளியின் மீனுக்கு ஐஸ் போடும் வாடியை ஒட்டிய வீட்டில் இருந்தோம். வாடி எஞ்சினும் டைனமோவும் என் கணவரின் பொறுப்பு. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் சாமான்களை ஏலத்தில் விட்டபோது முதலாளி ஒரு மின்சார மோட்டர் வாங்கினார். அதை எங்கள் கிணற்றடியில் பூட்டி, பின்னேரங்களில் வாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். கிணற்றுக்குள் இறங்கியது தடித்த ரப்பர்க் குழாய். மோட்டரிலிருந்து தொட்டிவரை இரும்புக் குழாய். அந்த இரும்புக் குழாயில் எங்களுக்கென்று திறந்து மூடும் ஒரு பைப்பு வைத்திருந்தார்கள். குளிப்பு, துவைப்பு எல்லாம் அதில்தான்.

மோட்டரைப் பூட்டிய அன்று கணவர் என்னை அழைத்துச் சில விஷயங்களைச் சொன்னார். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது. மோட்டரின் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக் கூடாது. அதற்காகவே, அதுவரை அந்தப் பக்கம் ஓடிய துவைத்த தண்ணீரை முருங்கையடிக்குத் திருப்பி வாய்க்கால் வெட்டினார். மோட்டரின் உடம்பிலிருந்து மணலுக்குள் இறங்கிய ஒரு செப்புக் கம்பியையும் காட்டினார். அதற்குப் பெயர் எர்த்து. உள்ளே ஏதும் பிசகினால் கரண்ட் மனிதரில் ஏறாமல் அதன் வழியே மண்ணுக்குள் போய்விடுமாம்.

தண்ணீரில் மின்சாரம் பாயும் என்று கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் நானும் படித்திருந்தேன். ஆகவே அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தேன். வாய்க்கால் உடைந்தால் உடனே மண் அணைத்தேன். மோட்டரைச் சுற்றிய மணல் காய்ந்து வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு சோளகக் காற்று வீசத் தொடங்கியது. மழை கிடையாது. மணல் பறந்து சட்டிபானைக்குள் விழுகிற காலம். அப்போதுதான் மகள் பூச்சி என்றாள். மறுநாளும் சொன்னாள். அதற்கடுத்த நாள் பைப்பைத் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டாள். நான் குழாயின் அடியில் எறும்பு தேடினேன், குளவிக் கூடு தேடினேன். ஒன்றும் இல்லை. அவள் விரலில் தடிப்பும் இல்லை.

அந்தக் கிழமை கணவரின் அக்கா நறுவிலிக்குளத்திலிருந்து வந்திருந்தார். என் முறைக்கு மச்சாள். வந்த அன்று பின்னேரம், மோட்டர் ஓடும்போது, கால் நனையாமல் துவைக்கிற பலகையில் ஏறி நின்று குழாயை இறுக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னைக் கடிக்கேல்லையே பிள்ளை. நறுவிலிக்குளத்து ஆக்களிலை பூச்சிக்குப் பயம் போலை," என்றார்.

பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிருக்கும் என்று பிறகு அவரே முடிவு செய்து, கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அவள் தலையிலும் குழாயிலும் தெளித்தார். மறுநாள் பின்னேரம் பைப்பைத் திறந்தபோது எனக்கே கடித்தது. மரத்துப்போன கையில் இரத்தம் திரும்புவதுபோல முழங்கைவரை ஒரு விறுவிறுப்பு. உடனே மறுபடி தொட எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நாள் காலையில் தொட்டேன். ஒன்றும் இல்லை.

கணவரிடம் சொன்னேன். பின்னேரம் அவர் வந்து தொட்டார், தட்டினார், சிரித்தார். எனக்கு யோசினை கூடிப்போச்சாம். இருக்கலாம் என்று நானும் நினைத்தேன். வேலிப் படலையைக் கட்டிவிட்டு வந்து, கட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். என் கையை நானே எப்படி நம்புவது? ஆனால் மகளுக்கு யோசினை ஏது?

அதன்பின் அவளை வாளியில் தண்ணீர் கொண்டுபோய் வீட்டுக்குள் குளிப்பாட்டினேன். எதற்காக என்று மச்சாள் கேட்டபோது, காற்றுப் படுகிறது என்றேன். குழாயைத் தூரத்தில் நின்று கவனித்தேன். காலையில் கடிப்பதில்லை, மோட்டர் ஓடும் பின்னேரத்தில்தான் கடிக்கிறது. பலகையில் நின்ற மச்சாளைக் கடிக்கவில்லை, ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு நின்ற என்னையும் மகளையும் கடித்தது. இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்த மோட்டரைப் பூட்டியது அவருடைய கை. அதில் குற்றம் சொல்ல நான் யார்? சொல்லாமல் விட்டு, நான் உலை வைக்கிற நேரம் பிள்ளை தனியே கிணற்றடிக்குப் போய்விட்டால்?

தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு ஒருவழியாகச் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஒரு நாளும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அந்தக் குழாயைத் தொடேல்லை."

அவர் சிரிக்கவில்லை. தேநீரைக் குடிக்காமலே கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார். சப்பாத்தைக் கழற்றுவார் என்று நினைத்தேன், அதையும் செய்யவில்லை. வாடிக்குப் போய், இரண்டு வயர் தொங்கும் ஒரு பல்பைக் கொண்டுவந்தார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வயரை ஈர மண்ணில் குத்திய ஆணியில் சுற்றி, மற்றதை ரப்பர் பிடியால் பிடித்துக் குழாயில் வைத்தார். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கையால் மறைத்துக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பல்புக்குள் சிவந்த நூல்போல ஏதோ மினுங்கியது.

"பிள்ளையை உள்ளுக்குக் கொண்டு போம்," என்றார்.

மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ்களைக் கழற்றித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டபின்தான் மோட்டரில் கை வைத்தார். உள்ளே சுற்றிய கம்பியில் உப்புக் காற்றுப் பட்டு, மேல்சுற்று ஓரிடத்தில் உரிந்து, கரண்ட் மோட்டரின் உடம்பிலும் குழாயிலும் ஏறியிருந்தது. அது எனக்கு விளங்கியது. விளங்காதது எர்த்து. கம்பி அறுந்திருக்கவில்லை, நன்றாகத்தான் பூட்டியிருந்தது. அவர் அதன் அடியைத் தோண்டினார். தோண்டத் தோண்டச் சாம்பல்போல உலர்ந்த மணல்தான் வந்தது.

"ஈரம் இல்லாட்டி மண் கரண்டை எடுக்காது. முந்தி உம்மடை துவைச்ச தண்ணி இதாலை ஓடினது. நான்தான் திருப்பினனான்," என்றார்.

"தண்ணி கிட்டப் போகக் கூடாது எண்டு சொன்னீங்கள்."

"மோட்டருக்குக் கூடாது. மண்ணுக்கு வேணும்."

மோட்டருக்கும் அந்த மண்ணுக்கும் இடையில் என் இரண்டு எட்டுத் தூரம்கூட இல்லை.

மோட்டரைக் கழற்றிக்கொண்டுபோய்க் கம்பியைப் புதிதாகச் சுற்றினார்கள். அவர் கிணற்றுப் பக்கமாக ஈர மணல் வரும்வரை ஆழக் குழி வெட்டி, எர்த்துக் கம்பி பூட்டிய செப்புத் தகடு இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, தினமும் அதற்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். மோட்டரைத் திரும்பப் பூட்டி ஓடவிட்டு, பல்பைக் குழாயில் வைத்துக் காட்டினார். அது இருட்டாகவே இருந்தது.

அன்றிலிருந்து அந்தத் தண்ணீரை நான்தான் ஊற்றினேன். ஊற்றும்போதெல்லாம், செய்யக் கூடாததைச் செய்கிறேன் என்று மனதில் ஒரு மூலை சொல்லும். ஊற்றாத நாளில் அதைவிடப் பெரிதாகச் சொல்லும். வாளியைச் சரிக்கும்போது மோட்டரின் பக்கம் தெறித்ததா என்று குனிந்து பார்த்துக்கொள்வேன்.

மகள் நெடுநாள் குழாயடிக்கு வரவில்லை. ஒருநாள் பின்னேரம், மோட்டர் ஓடும்போது, என் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்து, "பூச்சி போயிட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம், போயிட்டுது," என்றேன்.

அவள் கையை நீட்டியதும் பிடித்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றி, ஈரச் சீமெந்தில் நின்று, என் புறங்கையைக் குழாயில் வைத்துப் பார்த்தேன். இரும்பு குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதன்பிறகே அவள் கையை விட்டேன்.