பெயர் போடாத பெட்டிசம்

ஒரு நேர்மையான மனிதர்மீது நான் பெயர் போடாமல் பெட்டிசம் எழுதினேன். அவர் கல்முனையில் வாகனப் புகை சோதிப்பவர். ஒல்லியான உடம்பு, கரிபிடித்த விரல்கள். ஒவ்வொரு வண்டிக்கும் பிஸ்மி சொல்லித்தான் புகைக்குழாய்க்குள் கருவியைச் செருகுவார்.

என் பழைய டீசல் கார் அன்று புகைச் சோதனையில் தேறவில்லை. டீசல் பம்பைத் திருத்த இரண்டு மாதப் பென்சன் போய்விடும். திருத்தாவிட்டால் அந்த வருட வாகன லைசன் கிடைக்காது.

"பார்த்துப் போடுங்களன் தம்பி" என்று மெல்லக் கேட்டேன்.

"ஏலா சேர். எங்களுக்குப் படிப்பிச்ச நீங்களே இப்பிடிக் கேக்கலாமா?"

வரிசையில் நின்ற ஓட்டோக்காரர், "சேரே பெயிலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றே, அவர் லஞ்சம் கேட்டதாக மேலிடத்துக்கு அந்தப் பெட்டிசத்தை எழுதினேன். அவரைத் தூரத்து மொனராகலைக்கு மாற்றிவிட்டார்கள். என் காருக்கான புகைச் சோதனைத் தாளையோ வேறோர் ஊரில் நானே லஞ்சம் கொடுத்து வாங்கினேன்.

ஒரு வருடம் கழித்து, மேலிடத்துக்கு உண்மையை எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு, லீவில் வந்திருந்தவரை அவரது மாவடிப்பள்ளி வீட்டில் சந்தித்தேன். நின்றபடியே வாசித்தார்.

"முதல் கடிதத்திலயும் பேரப் போட்டிருந்தா உங்களிட்ட வந்து கதைச்சிருப்பன் சேர். ஆரெண்டு தெரியாம இந்த ஒரு வருஷமா எல்லாரையும் சந்தேகப்பட்டுத் திரிஞ்சன்."

கடிதத்தை அனுப்பினேன். மேலிடத்திலிருந்து பதில் இல்லை. அவருக்குத் திரும்பக் கல்முனைக்கு மாற்றமும் இல்லை.

இம்முறை பம்பைத் திருத்திக்கொண்டு மொனராகலைக்கே காரை ஓட்டிப் போனேன். எல்லோருடையதையும் போலவே சோதித்தார்.

"பாஸ், சேர்" என்று தாளை நீட்டினார். என்னை மன்னித்தாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.