முழங்கால் நீரும் நான் சொன்ன ‘லேது’வும்

2025 ஜூன் பதினொன்று, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். திருப்பதியில் எலும்பு மருத்துவர் ஒருவரின் அறையில் நான் “லேது” என்றேன். தெலுங்கில் ‘இல்லை’ என்பதற்கான சொல். நான் சொன்னது பொய்.

அம்மா சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பழம் பிரிக்கிறாள். சீசன் முழுவதும் நின்றே செய்கிற வேலை. அவளுடைய வலது முழங்கால் ஒரு மாதத்துக்கு மேலாக வீங்கியிருந்தது. கூட வேலை செய்யும் ஒருத்தி மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தந்த சிறிய வெள்ளை மாத்திரையை விழுங்கி, வீக்கம் சற்று வடிந்ததும் மறுபடி போய் நிற்பாள். மருத்துவமனைக்குள் நுழையும்போது அவள் சொன்னாள்:

“அந்த மாத்தரய மறக்காத சொல்லு பாப்பா.”

“நீ ஒண்ணும் பேசாதம்மா. நான் பார்த்துக்கறேன்.”

அம்மாவின் வாக்கியம் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். நான் திருப்பதியில் விடுதியில் தங்கி முதுகலை இலக்கியம் படிக்கிறேன். என் தெலுங்கு அச்சிட்டதுபோல இருக்கும். அந்தப் பெருமையில்தான் அவளைப் பேசவேண்டாம் என்றேன்.

எங்களுக்கு முன்னால் சென்ற பெரியவரை மருத்துவர் திட்டியது திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டது. கடையில் தானாக மாத்திரை வாங்கித் தின்றிருக்கிறார். “அறிவில்லாதவர்கள் செய்கிற வேலை” என்றார் மருத்துவர். காத்திருந்தவர்களில் இருவர் சிரித்தார்கள். பத்து நிமிடம் கழித்து, “வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டார்களா?” என்று அவர் என்னைக் கேட்டபோது, அந்தச் சிரிப்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

ஊசியால் மூட்டு நீரை எடுத்தார்கள். நான் மாணவி என்று தெரிந்ததால் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நல்ல மூட்டின் நீர் முட்டை வெள்ளைக்கருபோல் இருக்கும். ஊசி முனையிலிருந்து நூலாக இழுபடும். அவர் ஒரு துளியை விழவிட்டார். அது வெறும் தண்ணீர்போல் சொட்டியது. வீக்கத்தின்போது வெள்ளணுக்கள் கூட்டமாக மூட்டுக்குள் வருகின்றன; கிருமியைக் கொல்வதற்கென்று வைத்திருக்கும் ஃப்ரீ ரேடிக்கல் என்ற வேதித் துகள்களை, கிருமியே இல்லாதபோதும், வெளியே விடுகின்றன. நீருக்குக் கொழகொழப்பைத் தரும் நீண்ட சங்கிலிகளை அவை துண்டு துண்டாக்கிவிடுகின்றன. “ஜிகுரு போயிந்தி” என்று முடித்தார். பிசுபிசுப்பு போய்விட்டது என்று பொருள்.

ஃப்ரீ ரேடிக்கலுக்குத் தமிழ்ப் பாடநூல் தரும் ‘தனி உறுப்பு’ என்ற சொல் எனக்குத் திருப்தியாக இல்லை. கட்டிலில் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நான் அதைவிடப் பொருத்தமான ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மாலை, சித்தூருக்குத் திரும்பும் ரயில் பாகாலாவில் நின்றிருந்தபோது மருத்துவமனையிலிருந்து செவிலியர் அழைத்தார். நீர் அவ்வளவு கெட்டிருந்தும் அதில் வெள்ளணுக்கள் மிகக் குறைவாம். கணக்கு பொருந்தாததால், எடுத்த மாதிரியில்தான் தவறோ என்று மருத்துவர் சந்தேகப்படுகிறாராம். நாளைக் காலை மறுபடி ஊசியால் நீர் எடுக்க வேண்டும் என்றார். வீக்கத்தை அடக்கிய மாத்திரை அணுக்களையும் அடக்கியிருக்கும் என்று அந்த இருக்கையிலேயே எனக்குப் புரிந்தது. “சரி மேடம்” என்று மட்டும் சொன்னேன்.

“இன்னாவாம்?”

“திரும்ப நீர் எடுக்கணுமாம். அதாவது, வெள்ளணுக்கள் மூட்டுக்குள்ள போய்...”

“ஜிகுரு பூட்ச்சி. காவலுக்கு வந்தவனுங்கோளே வெட்டிப் போட்டானுங்கோ. அத்தானே? அவுரு சொல்லசொல்ல நானும் அங்கதான பட்த்துக்கினு இருந்தேன்.”

“உனக்குப் புரிஞ்சுதா?”

“பதினாலு வருசமா தெலுங்குக்காரிங்ககூட நின்னுக்கினு மாங்கா பொறுக்கறேன். நீ லேதுன்னது மட்டும் புரியாத பூடுமா?”

எதிரில் இருந்தவர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

“அப்போ நீயே சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?”

“அத்தினி பேர் எதுர்ல நான் பெத்தத பொய்க்காரின்னு காட்டச் சொல்றியா? போ பாப்பா.” சிரித்தபடி புடவையை முழங்காலின் மேல் சரிசெய்துகொண்டாள். “இன்னொரு ஊசிதான. குத்திக்கினு போவட்டும்.”

செவிலியரை உடனே திரும்ப அழைத்திருக்கலாம். எண் கையிலேயே இருந்தது. எதிரில் இருந்தவர்கள் கேட்பார்களே என்று அழைக்கவில்லை. மற்றதையெல்லாம் ஒருவேளை மன்னித்துக்கொள்வேன். அம்மா என் வெட்கத்துக்காக இன்னொரு ஊசியை ஏற்கத் தயாரான பிறகும் நான் சும்மா இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை செவிலியர் அம்மாவின் முழங்காலைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தபோது, நேற்று நான் சொன்னது பொய் என்று மருத்துவரிடம் சொன்னேன். நல்ல தெலுங்கில்தான் சொன்னேன். எனக்கு வேறு தெலுங்கு வராது. அம்மாவின் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊசியைத் தட்டிலேயே வைக்கும்படி செவிலியரிடம் சைகை காட்டினார். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் அம்மாவைக் கேட்டதே இல்லை.

“அவர்களையே கேளுங்கள் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காத்திருப்பவர்களோடு உட்கார்ந்தேன்.