எனாமலில் எழுதிய நான்கு வரிகள்

எனாமல் காயும் முன்பே ஒரு போர்டுக்கு ஆட்சேபம் வந்தது என் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.

நாடு சுதந்திரம் பெறவிருந்த வருடம். மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா தெருவில் கடை போர்டுகள் எழுதிக்கொண்டிருந்த என்னை, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு கண்காட்சிக்கு அழைத்திருந்தார்கள். தலைப்பு ‘பண்டைய நாகரிகங்கள்’; ஒவ்வொரு நாகரிகத்துக்கும் ஒரு மேசை. பொறுப்பாளர் ராசையா, யாழ்ப்பாணத்துக்காரர். வாசலில் வைக்கும் பெரிய போர்டுக்கு நான்கு வரி கொடுத்தார். நகரம் வேண்டும், எழுத்து வேண்டும், அரசன் வேண்டும், பெரிய கட்டடம் வேண்டும். இவை இருந்தால் நாகரிகம்.

கடைசி வரியை முடிக்கும்போது பின்னால் வந்து நின்றார் மங்களம். காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண்; பல நூறு வருடம் முன்பு கப்பலில் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். பெயரும் சாமியும் நம்முடையவை. பேச்சு மட்டும் மலாய். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

“நாங்க எந்த மேசையில இருக்கோம்?” என்று மலாயில் கேட்டார். ராசையா மலாயிலேயே பக்குவமாக மறுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார்: “எழுத்தில்லை, மொழியும் போயிட்டுது. என்னெண்டு காட்டுறது?”

மங்களம் நகரவில்லை. “பள்ளிக்கூடத்துல என் மக மலாய்க்காரியும் இல்ல, இந்தியரும் இல்லங்கிறாங்க. அவ வந்து பார்க்க ஒரு மேசையாவது வேணும். நாளைக்கு வீட்டுக்கு வாங்க ஐயா. பார்த்துட்டு இல்லன்னு சொல்லுங்க.”

ராசையா மனசுக்குள் ‘இல்லை’ என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கிளம்பினார். துணைக்கு நான்.

அது பழக்காலத்தில் முன்னோருக்குப் படைக்கும் பார்ச்சு நாள். நாங்கள் போனபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குடும்பமே வெளியே நின்றது. உள்ளேயிருந்து சாம்பிராணி வாசனையும் டுரியான் பழ வாசனையும் கலந்து வந்தன. சின்னப் பிள்ளைகளின் கண்ணெல்லாம் கதவில்தான். ஒன்றும் சிணுங்கவில்லை, யாரும் அதட்டவும் இல்லை. எங்கள் வீட்டில் இந்த மணத்துக்கு நானே கதவைப் பெயர்த்திருப்பேன்.

“ஏன் வெளியில நிக்கினம்?” என்றார் ராசையா. நான் மங்களத்திடம் கேட்டேன்.

“பெரியவங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க” என்றார், அடுத்த அறையில் விருந்தாளி இருப்பது மாதிரி.

ராசையா விடவில்லை. இதையெல்லாம் எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

“புத்தகமா? அம்மா செஞ்சாங்க. அவங்களுக்கு அவங்க அம்மா.”

கப்பலில் வந்தவர்களின் மொழி போய், எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கி, இதோ இன்னொரு கொடியும் ஏறப்போகிறது. இந்தக் கதவு மட்டும் வருடம் தவறாமல் சாத்தப்பட்டு வந்திருக்கிறது.

பக்கத்தில் பார்த்தால் ராசையாவின் காலில் சப்பாத்து இல்லை. எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை. மெதுவாகச் சொன்னார்: “அப்பு செத்த தந்தி பிந்தித்தான் வந்தது. நான் போகேல்லை. அவருக்கெண்டு ஒரு இலை போட்டதில்லை.”

மங்களம் அவர் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டார். “என்ன சொல்றாரு?” என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். “அவர் அப்பா பேரு?”

“சின்னத்தம்பி” என்றார் ராசையா.

மங்களம் கதவருகே குனிந்து, உள்ளே இருப்பவரிடம் பேசுகிற குரலில், “சின்னத்தம்பி, மாரி மாக்கான்” என்றார். வாங்க, சாப்பிடுங்க என்று அர்த்தம். பிறகு எங்களிடம், “இலையில இடம் இருக்கு. ஆனா அவரு இப்பத்தான் வர்றாரு. இன்னும் கொஞ்சம் நிக்கணும்” என்றார்.

நின்றோம். ராசையா கைகட்டி, தலை குனிந்து நின்றார். பசியோடு இருந்த அந்தப் பிள்ளைகளும், முன்பின் தெரியாத ஒரு மனிதர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று எங்களோடு நின்றார்கள்.

மறுநாள் காலை ராசையா என் முன்னால் பிளேடை வைத்தார். “அந்த நாலு வரியையும் சுரண்டும்.”

“சார், எனாமல் காஞ்சிடுச்சு.”

“தெரியும். நானும் சுரண்டுறன்.”

இருவரும் விரல் நோகச் சுரண்டினோம். பிறகு வாழையிலையும் பழங்களும் வைத்து ஒரு மேசை போட்டார். அதற்கு ஒரே ஒரு லேபிள், மூன்று மொழியில்: ‘பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சற்றுக் காத்திருக்கவும்.’

திறப்பு நாளில் எகிப்தையும் சீனாவையும் ஓடி ஓடிப் பார்த்த பிள்ளைகள் அந்த மேசை முன் நின்றார்கள். மங்களத்தின் மகள் அவர்களிடம், “இன்னும் முடிக்கல” என்றாள். எல்லோரும் அவளோடு கைகட்டிக் காத்திருந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கடை போர்டு என்றால் தைரியமாக எனாமலில் எழுதுங்கள். மனிதர்களில் யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்கிற போர்டு வந்தால் சாக்பீஸை எடுங்கள்.