குகைக்குள் போக மறுத்த நாத்தனார்

பம்பாயில் படிக்கும் என் தம்பி, விடுமுறைக்குப் பழங்காநத்தத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு புது விளையாட்டைக் கொண்டுவந்தான். அவன் கதை சொல்வான். நாம் ஆளுக்கொரு வேடம் எடுத்துப் பேசிப் பகடை உருட்ட வேண்டும்.

எழுமலைக்கு வாழ்க்கைப்பட்ட நாத்தனார் செல்வி அப்போது வந்திருந்தாள். "எப்ப ஊருக்கு?" என்று நானே இரண்டு முறை கேட்டிருந்தேன். மறுநாள் என் கணவர் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. விளையாட வரமாட்டேன் என்றவளை, "சும்மா பேசுறதுதான, வா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவளுக்குப் போர்வீரன் வேடம்.

"முன்னாடி ஒரு குகை. உள்ள புதையல் இருக்கு. என்ன செய்வீங்க?" என்றான் தம்பி.

"உள்ள போகமாட்டேன்."

"கையில வாள் இருக்குல்ல, என்ன பயம்?" என்றேன்.

"வாள் இருந்து என்ன மதினி? உள்ள போனதும் வெளிய தாழ்ப்பாள் போட்டுருவாக. தண்ணி கேட்டாலும் தொறக்கமாட்டாக."

"குகைக்கு ஏது தாழ்ப்பாள்?" என்று தம்பி சிரித்தான். பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் அதை மடித்து வைத்தார்.

"யாரு செல்வி தாழ்ப்பாள் போட்டது?"

அவள் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எழுமலை பஸ்ஸில் அவர் தனியாகத்தான் போனார், அவள் துணிமணிகளை எடுத்துவர.

பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் பெண்களிடம் நான் இப்போது "எப்ப ஊருக்கு?" என்று கேட்பதில்லை. தனியாக அழைத்து, "போகணும்னு இருக்கா?" என்று கேட்கிறேன்.